நீல நூல்

பள்ளிக்கூடத்தைத் தையல் கூடமாக மாற்றியிருந்தார்கள். சன்னல் கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்ததால் பகலிலும் விளக்கெரிந்தது. போர்முனையிலிருந்து வரும் சட்டைகளைச் சலவை செய்து, கிழிசலை ஒட்டுப் போட்டு, புதிதாகச் சேரும் பையன்களுக்கு அனுப்புவார்கள். சோப்பு வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை இருந்தது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே காக்கி நூல் தீர்ந்துபோனது. மகனின் பள்ளிச் சட்டைக்கு வாங்கிய நீல நூல் பையில் கிடந்தது.

“உள்பக்கம்தானே, அதையே போடுங்க,” என்றாள் மேற்பார்வைக்காரி. “போட்டுக்கிறவன் பார்க்க மாட்டான். போடச் சொல்றவன் பார்க்கவே மாட்டான்.”

முதலில் கைக்கு வந்த சட்டையின் இடது மார்பில் ஒரு துளை. ஒட்டு வைத்துத் தைத்து, தன் வழக்கப்படி மூன்று சுற்று சுற்றி முடிச்சிட்டாள்.

“சட்டைக்கா முடிச்சு போடறீங்க, மாட்டுக்கா?” என்று பக்கத்து இருக்கைக்காரி சிரித்தாள்.

மழைக்காலம் தொடங்கியபோது அந்தச் சட்டை அவளிடமே திரும்பி வந்தது.

நீலத் தையல் பிரியவில்லை. அதன் பக்கத்தில் புதிய துளை.

அன்று காலைதான் மகனுக்குப் படையில் சேர அழைப்பு வந்திருந்தது. அவள் அழவில்லை. மிச்ச நீல நூலைக் கோத்துத் தைத்தாள். முடிச்சிடும்போது உள்ளங்கைக்குக் கீழே துணி சூடாக இருந்தது, யாரோ இப்போதுதான் கழற்றிப் போட்டதுபோல.

பிறகு துணி மெல்ல ஏறி இறங்கியது.

“இது யாருக்குப் போகும்?” என்று மேற்பார்வைக்காரியிடம் கேட்டாள்.

“வரிசையில முன்னாடி நிக்கிறவனுக்கு.”

அதைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டாள். வீட்டு அடுப்பில் போட்டாள். பொத்தான்கள் கருகி உதிரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் மதியம் மகன் சீருடையில் வந்து நின்றான்.

“அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கும்மா. பாரேன்.”

“கழட்டு.”

“ஏன், அதுக்குள்ள துவைக்கப் போறியா?”

“கழட்டுடா.”

வெளிப்பக்கம் புதுத்துணிபோல இருந்தது. உள்ளே திருப்பினாள்.

நீல நூலில் மூன்று ஒட்டு.

அவள் தைத்தது இரண்டுதான். மூன்றாவதன் ஓரத்தை விரலால் தடவினாள். மூன்று சுற்று முடிச்சு. அவள் கைவேலை.

இன்னும் சூடு ஆறவில்லை.

“பசிக்குதும்மா,” என்றான் மகன்.