முக்காலன் திரும்பிய இடம்

“ஏனுங்க, முக்காலன்னு ஒண்ணு கெடையவே கெடையாதுன்னு பேப்பர்ல எழுதுனது நீங்கதானுங்களா?”

ராமாமணி தலை நிமிர்ந்தாள். கோயமுத்தூரில் பெண்கள் கல்லூரி ஒன்றின் விலங்கியல் கூடம் அது. 1957, சித்திரை கடைசி. மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் ஒரு பெண் நின்றாள். முப்பது வயதிருக்கும். நெற்றியில் பொட்டு அழிந்த இடம் இன்னும் வெளுப்பாகத் தெரிந்தது.

“எழுதினது அவங்க. உள்ள வாங்க” என்றாள் ராமாமணி.

உள்ளே விலங்கியல் ஆசிரியை வெங்கடலட்சுமி நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள். சந்தையில் காசு வாங்கிக்கொண்டு காட்டிய கடல்கன்னியின் இடுப்பில் தையல் நூலைப் பிரித்துக் காட்டி, குரங்கையும் மீனையும் தனித்தனியே மேஜையில் வைத்தவள் அவள். குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அந்தக் குறையையும் சேர்த்து அவளுடைய உதவியாளர் ராமாமணி தீர்த்துவிடுவாள்.

“எம் பேரு சின்னாத்தாளுங்க. வெள்ளகோவில் பக்கம். எங்கூட்டுக்காரர முக்காலன் கடிச்சுப் போட்டான்னு சொல்றாங்க.”

“யார் சொல்றது?”

“ஊரே சொல்லுதுங்க. போலீசும் வந்து காட்டு மிருகம்னு எழுதிக்கிட்டுப் போயாச்சு. முக்காலன் ஒரு ஊட்டு ஆளக் கடிச்சா, மிச்ச ஆள நாப்பத்தெட்டு நாளுக்குள்ள தேடி வருமாமா. அதனால வெள்ளிக்கெழமைக்குள்ள ஆட்ட ஓட்டிக்கிட்டு ஊர உட்டுப் போயிரோணுமாமா. நா எங்கீங்க போறது? மேச்சலும் அங்கதான், அவரப் பொதச்ச எடமும் அங்கதான்.”

கல்லுக்காட்டில் மூன்று கால்களோடு அலைகிற மிருகம் என்று தலைமுறையாகச் சொல்லி வந்த கதை. யாரும் பார்த்ததில்லை. அதைப் பிடித்தே தீருவேன் என்று நான்கு வருஷமாகக் கூடாரம் போட்டுக்கொண்டு திரிபவர் ஒருவர் உண்டு, மில் குடும்பத்து சுந்தரராஜுலு. இதே கூடத்தின் மூலையில் அவர் நன்கொடையாகத் தந்த பெரிய கண்ணாடிப் பெட்டி காலியாக இருந்தது. ‘முக்காலன்’ என்று பெயர்ச்சீட்டு மட்டும் முன்கூட்டியே ஒட்டியாகிவிட்டது. அதைத் துடைக்கும் ஒவ்வொரு நாளும் ராமாமணிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சின்னாத்தாள் பையிலிருந்து ஒற்றைத் தோல் செருப்பை எடுத்து வைத்தாள். அடியில் கருஞ்சேறு காய்ந்து, பாசிப் பச்சை ஓரத்தில் ஒட்டியிருந்தது.

“அவர் கால்ல இருந்தது இது ஒண்ணுதானுங்க. கடிபட்ட வலது காலு வெறுங்காலு.”

“கடி எங்கெங்க இருந்தது?”

“கணுக்காலுக்கு மேல, அந்த ஒரே எடத்துலதானுங்க. ரத்தம் பூராவும் அதுலயே போயிருச்சு. பொணத்தக் கழுவுனது நாந்தான். முன்னால ஏழு பல்லு, பின்னால ஏழு பல்லு. ஒடம்புல வேற கீறலே இல்லீங்க.”

“ஆடு ஏதாச்சும் குறைஞ்சுதா?”

“ஒரு குட்டி கூடக் கொறயலீங்க.”

வெங்கடலட்சுமி ஞாயிற்றுக்கிழமை பேப்பரை எடுத்தாள். சுந்தரராஜுலு எடுத்த படம் பெரிதாக வந்திருந்தது. செம்மண்ணில் மூன்று மூன்றாகக் காலடிகள் நேரே வந்து, ஆட்டுப்பட்டியின் தட்டிக்கு ஒரு சாண் முன்னால் நின்று, தட்டியை ஒட்டியே திரும்பிப் போயின. பட்டியின் மூலைக் கயிறு ஒரு வேலமரத்தில் கட்டியிருந்தது. கீழே எழுத்து: ‘பலியானவரை வியாழன் விடியலில் கண்டெடுத்தபோது, ஊரார் திரும்பும் முன் எடுத்தது. புதன் இரவு இந்த மிருகத்தின் குரலை என் கூடாரத்திலிருந்து மூன்று முறை கேட்டேன். ஏறக்குறைய மனிதக் குரல்.’

“ஊரார் எங்கே போயிருந்தாங்க?”

“கொடுமுடிக்குங்க. மாரியம்மன் நோம்பிக்குக் காவேரித் தீர்த்தம் எடுத்தாரப் புதங்கெழம மத்தியானமே மொத்த ஊரும் கெளம்பீட்டோம். ஆட்டப் பாக்கோணுமேன்னு அவரு மட்டும் இருந்துக்கிட்டாரு. வியாழக்கெழம ஒம்பது மணிக்குத் தலையில தீர்த்தச் சொம்போட வாரேன், ஊருக்குள்ள சேதி நிக்குதுங்க, பட்டிக்கிட்டச் செத்துக் கெடக்கறாருன்னு.”

அவள் அழவில்லை.

“நாளைக்கு வர்றோம்” என்றாள் வெங்கடலட்சுமி.

செவ்வாய்க்கிழமை முற்பகல் பஸ்ஸிலிருந்து இறங்கிக் காட்டுக்குள் நடந்தபோது, சின்னாத்தாள் தன்னந்தனியாக மூங்கில் தட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு தட்டி சேர்ந்தால் ஒரு பட்டி. மற்றவர்கள் நூறடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராமாமணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுமுனையைப் பிடித்தாள்.

“இத ஏன் தூக்கறீங்க? அங்கயே இருந்தா என்ன?”

“அங்கயே இருந்தா ஒரே எடத்துலயில்ல புழுக்க உழும்? காடு பூராவும் எருப் பரவோணுமுங்க. தெனமும் வெடியால ஆட்ட மேய உட்டுட்டு, பட்டிய ஒரு கட்டம் கெழக்க தள்ளிப் போட்டுருவோம்.”

“தினமுமா?” என்று கேட்டாள் வெங்கடலட்சுமி. “அவர் போன அன்னிக்குக் கூடவா?”

“அன்னைக்கு வெடியால முடியலீங்க. பொழுதோட, பொதச்சுட்டு வந்து தள்ளிப் போட்டனுங்க. ஆடு மூத்தரத்துல நின்னாக் கொளம்பு அழுகிப் போயிருமுங்க. அன்னைக்கு ராத்திரிக்கு நாயத் தவுத்து ஆரும் காட்டுப்பக்கம் வல்லீங்க. அத்தன பயம்.”

வெங்கடலட்சுமி காட்டை நிதானமாகப் பார்த்தாள். இன்றைய பட்டியின் மேற்கே, புழுக்கை கறுத்துக் கிடந்த சதுரங்கள் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொன்றாக மிதித்துக்கொண்டு மேற்கே நடந்தாள். ஐந்தாவது சதுரத்தின் மூலையில் ஒரு வேலமரம். அங்கே நின்றாள். ஆறாவதை எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்தாள்.

“அம்மணி, இந்தச் செம்மண் காட்டுல கருஞ்சேறு எங்க இருக்கு?”

“கெணத்து வாய்க்கா ஒழுகற வேலிக் கடவுலதானுங்க. வேற எங்கயும் சொட்டு ஈரமில்ல.”

கிளுவை வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு இடைவெளி. பாசி பிடித்த சேற்றின் ஓரத்தில் ஒரு கை மண் மட்டும் சிவப்பாக, புதிதாகப் போட்டு அமுக்கியிருந்தது. ராமாமணி விரலால் தோண்டினாள். முழங்கை ஆழத்துக்கு இரும்பு முளை அடித்துப் பிடுங்கிய குழி. அதற்கு அரை முழம் தள்ளிச் சேற்றில் புதைந்து மற்றொரு செருப்பு.

இறந்தவரின் வேட்டியில் துருக்கறை இருந்ததா என்று வெங்கடலட்சுமி கேட்டாள். இருந்தது என்றாள் சின்னாத்தாள். ராமாமணிக்கு அப்போது எல்லாம் விளங்கிவிட்டது.

“டீச்சர், நா இப்பவே போய் அந்தக் கூடாரத்து ஆளோட சட்டையப் புடிக்கறேன்.”

“நீ போய் அவரோட ஜீப்புல பின்னாடி என்ன இருக்குன்னு பாரு. நா ஊர்ப் பெரியவரக் கூப்பிடறேன்.”

ஊர்ப் பெரியவர் காளிச்சாமிக் கவுண்டர் துண்டை உதறிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் ஊர். சுந்தரராஜுலு தொப்பியும் தோளில் காமிராவுமாகத் தன் கூடாரத்திலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார்.

“வாங்க அக்கா! கடைசியில நீங்களும் முக்காலனப் பாக்க வந்துட்டீங்க!”

“பாக்க வந்தேன் தம்பி. உங்க படத்துல ஒரு சந்தேகம். இது வியாழன் விடியல்ல எடுத்ததுதானே?”

“சந்தேகமென்ன? ஆறு மணி. அப்புறம் கூட்டம் மிதிச்சு அழிச்சுடுச்சு.”

“மிருகம் வந்தது புதன் ராத்திரி?”

“ஆமா. பட்டி வரைக்கும் வந்து, தட்டியத் தாண்ட முடியாம, ஒட்டியே திரும்பிப் போயிருக்கு. எவ்வளவு புத்தி பாருங்க!”

வெங்கடலட்சுமி பேப்பரைக் காளிச்சாமியிடம் கொடுத்தாள். “ஐயா, இதுல பட்டிக் கயிறு எதுல கட்டியிருக்கு?”

“வேலமரத்துலதானுங்க அம்மணி.”

“இன்னிக்குப் பட்டிக்கும் வேலமரத்துக்கும் எத்தனை கட்டம்?”

கவுண்டர் விரல் நீட்டி எண்ணினார். “திங்கள், ஞாயிறு, சனி, வெள்ளி… அஞ்சாவது. வியாழன்.” அவருடைய விரல் அந்தரத்திலேயே நின்றது.

“புதன் ராத்திரி பட்டி அதுக்கும் ஒரு கட்டம் மேற்கே இருந்தது. அன்னிக்கு வேலமரத்தடி வெறுங்காடு. தட்டியும் இல்ல, ஆடும் இல்ல. அப்ப முக்காலன் எதுக்கு முன்னால திரும்பினான்? மறுநாள் பொழுதோட இந்தம்மா தூக்கி வைக்கப்போற தட்டி அவனுக்கு முன்னாடியே தெரிஞ்சுதா?”

சுந்தரராஜுலு பட்டியைப் பார்த்தார், சதுரங்களைப் பார்த்தார். நான்கு வருஷமாக இந்தக் காட்டில் கூடாரம் போட்டவர், அந்தக் கறுப்புச் சதுரங்களை முதல் தடவையாக அப்போதுதான் பார்த்தார்.

“அந்தக் காலடி வியாழன் பொழுது சாஞ்சப்புறம் போட்டது. காட்டுக்கு யாரும் வராத ராத்திரி. வெள்ளி விடியல்ல, பட்டிய நகர்த்தறதுக்கு முன்னால படம் எடுத்திருக்கு. பட்டி எப்பவும் அங்கேயே நிக்கும்னு நினைச்சுட்டீங்க தம்பி. ஆடு மேய்க்கறவங்களக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க. நீங்க கேக்கல.”

“அக்கா, படம் கொஞ்சம்… சரி, படம் தப்புன்னே வெச்சுக்குங்க. கடி? அதுவும் நானா கடிச்சேன்?”

“இது கடிச்சுது!”

ராமாமணி அதை அவர் காலடியில் போட்டாள். சாக்கில் சுற்றியிருந்த இரும்புப் பொறி. கழுவி, தேங்காயெண்ணெய் தடவியிருந்தது. கீலின் இடுக்கில் மட்டும் பாசியோடு கருஞ்சேறு.

சின்னாத்தாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மண்ணில் உட்கார்ந்தாள். பல்லை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். “ஏழு.” அடுத்த தாடை. “ஏழு.”

“ஊர்ல ஆளே இல்லைன்னு நினைச்சேன்” என்றார் சுந்தரராஜுலு. “எல்லாரும் கொடுமுடி போறதாத்தானே சொன்னாங்க. அதனாலதான் அன்னிக்குக் கடவுல வெச்சேன். சத்தியமா முக்காலனுக்குத்தான் வெச்சேன்.”

“முக்காலனுக்கு வெச்சீங்க, ஆள் மாட்டினார். அது கவனக்குறைவு” என்றாள் வெங்கடலட்சுமி. “அதுக்கப்புறம் பொறியக் கழட்டி, பிணத்தத் தூக்கிட்டு வந்து பட்டிக்கிட்டப் போட்டு, குழிய மூடி, காலடி செஞ்சு, படம் எடுத்து, பேப்பருக்குக் கொடுத்தீங்க. அதுக்கு என்ன பேர் வைக்கறது? ஊரை விட்டுப் போன்னு இந்தம்மாவ ஊர் துரத்தறப்ப நீங்க இங்கேதானே இருந்தீங்க?”

அவர் தொப்பியின் விளிம்பைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

“உங்க நோட்டு எங்கே?”

சட்டைப் பையிலிருந்து அவரே எடுத்துக் கொடுத்தார். வெங்கடலட்சுமி பக்கத்தைத் திருப்பி ராமாமணியிடம் நீட்டினாள். அவள் உரக்கப் படித்தாள்.

“புதன். முக்காலன் குரல். பத்து இருபது, நீண்ட ஓலம். பத்து ஐம்பது, ஓலம், சற்றுத் தணிந்து. பன்னிரண்டே கால், முனகல்.” அதற்குமேல் அவளால் எழுத்தைப் பார்க்க முடியவில்லை. “மூணு தடவை! மூணு தடவை விளக்கேத்தி, கடியாரம் பாத்து, எழுதியிருக்கீங்க! எந்திரிச்சுப் போகலையா?”

“மிருகம்னு நினைச்சேன்மா. அடிபட்ட மிருகம். இருட்டுல தனியா எப்படி… விடியட்டும்னு இருந்தேன்.”

சின்னாத்தாள் மண்ணிலிருந்து எழுந்தாள்.

“பன்னண்டே காலுக்கு அப்பறமுங்க?”

“அப்புறம் சத்தம் கேக்கலம்மா.”

“பத்து இருவதுல இருந்து பன்னண்டே கால் வரைக்கும் அவரு கூப்புட்டிருக்காரு” என்றாள் அவள், ஊரைப் பார்த்து. “நாம தீர்த்தம் எடுக்கப் போயிருந்தோம். கேக்க ஆளில்ல. கேட்ட ஒரே ஆளு இவருதான். எங்கூட்டுக்காரரு பேரு பொங்கியண்ணனுங்க. இந்த நோட்டுல அந்தப் பேரு எங்கயாச்சும் இருக்குதுங்களா?”

காளிச்சாமிக் கவுண்டர் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

“கண்ணு, நீ எங்கயும் போக வேண்டாம். ஊரு சொன்னது தப்பு.”

“நா இருக்கறதுக்கு உங்க உத்தரவு இனி எதுக்குங்க பெரியப்பா?” என்றாள் சின்னாத்தாள். குரல் கல்லாக இருந்தது. “இவரு கோயிலுக்கு முன்னால நிக்கட்டும். ‘முக்காலன் இல்ல, நாந்தான்’னு மொத்த ஊருக்கும் கேக்கறாப்புல சொல்லட்டும். அப்பறம் போலீசு கூட்டிக்கிட்டுப் போவட்டும். ஏனுங்க சாமி, நடங்க.”

சுந்தரராஜுலு ஜீப்பைப் பார்த்தார். அதன் முன்னால் நாலு பேர் போய் நின்றிருந்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நடந்தார்.

பொழுது இறங்குவதற்குள் போலீசுக்கு ஆள் போய், பொறியும் நோட்டும் செருப்பும் ஒப்படைத்தாகிவிட்டது. ஆடுகள் திரும்பி வந்தன. பட்டியில் ஒரு தட்டி இன்னும் கட்டாமல் கிடந்தது. கவுண்டர் அதன் ஒரு முனையைக் குனிந்து தூக்கினார். சின்னாத்தாள் அவரைத் தடுக்கவுமில்லை, பார்க்கவுமில்லை; மறுமுனையைப் பிடித்து முடிச்சுப் போட்டாள்.

பஸ் பல்லடம் தாண்டியதும் ராமாமணி திரும்பிக் கேட்டாள்.

“எப்படி டீச்சர் உங்களால குரல் ஏறாம பேச முடிஞ்சுது?”

வெங்கடலட்சுமி மடியில் மூடியிருந்த கையைத் திறந்தாள். கவுண்டர் திருப்பித் தந்திருந்த பேப்பர் படம் கசங்கிக் கசங்கி மாவாகியிருந்தது. உள்ளங்கையில் நான்கு நகமும் பதிந்த இடத்தில் ரத்தம் கட்டியிருந்தது.

“நாளைக்கு முதல் வேலையா அந்தக் கண்ணாடிப் பெட்டிய அவங்க மில்லுக்கே திருப்பி அனுப்பு” என்றாள்.

“சீட்டைக் கிழிச்சுட்டு அனுப்பட்டுமா?”

“கிழிக்காதே. அதுல இருக்கற பேரை அடிச்சுட்டு, சுந்தரராஜுலுன்னு எழுதி அனுப்பு.”