கரிநாக்கு

"பத்து மணிக்குக் கடைக்காரர் வர்றார். அவர் போற வரைக்கும் நீ வாயைத் திறக்கக் கூடாது, தெரிஞ்சுதா? உன் கரிநாக்கு பட்டுத்தான் என் புள்ளையோட தொழில் படுத்துச்சு!" காலைக் காப்பியை வாங்கிக்கொண்டே மாமியார் பொரிந்தாள்.

மருமகளுக்கு இது பழகிய வசை. போன வருடம் கணவன் பள்ளிக்கூடப் பை தைத்து விற்கத் தொடங்கியபோது, சொந்தபந்தமெல்லாம் "ஆஹா, ஓஹோ!" என்றது. அவள் ஒருத்திதான், "தோள்வார்த் தையல் தாங்காதுங்க" என்றாள். மூன்றே மாதத்தில் வார் அறுந்த பைகள் திரும்பி வந்தன. கடைகள் கைவிரித்தன. பட்டறைக்குப் பூட்டு விழுந்தது. பழி மட்டும் அவள் தலையில் விடிந்தது.

இன்று கடைசி வாய்ப்பு. மேஜைமேல், கடைக்காரருக்குக் காட்டப் புத்தகங்கள் அடைத்த புதுப் பை பளபளத்தது. பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மறுபடியும் ஒரு குறை!

சொன்னால் கரிநாக்கு. சொல்லாவிட்டால்...? மணி ஒன்பதரை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கணவன் வந்தான். பையை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

"குறை சொல்லு."

"ஐயோ, நான் மாட்டேங்க..."

"அறுந்த பையையெல்லாம் வீடு வீடாப் போய்த் தைச்சுக் குடுத்தியாமே! நேத்துதான் கடைக்காரர் சொன்னார். 'உன்னை நம்பி இல்லப்பா, அந்தம்மாவை நம்பித்தான் வர்றேன்'னார். புகழ்ந்தவங்க பேச்சைக் கேட்டுக் குப்புற விழுந்தேன்... உன் பேச்சைக் கேட்டிருந்தா..."

அவள் விம்மினாள். பார்வை மாமியாரிடம் போனது.

மாமியார் கடிகாரத்தைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். கண்கள் கலங்கின.

"மணியாகுதுடி! ஊருக்கில்லாத நாக்கை வெச்சுக்கிட்டு ஏன் கம்முனு நிக்கிறே? சொல்லித் தொலையேன்!"

"ஜிப்பு... அடிவரைக்கும் இறங்குதுங்க. புள்ளைங்க அவசரத்துல இழுத்தா..."

கணவன் பையைத் தூக்கி ஜிப்பை இழுத்தான். புத்தகங்கள் தடதடவென்று தரையில் கொட்டின!

"அடியில ரெண்டு பக்கமும் நாலு விரல் தைச்சு மூடினாப் போதும்" என்றாள் மருமகள்.

தையல் மெஷின் உறையை உருவியவள் மாமியார்தான். நூல் கோக்க முயன்றாள், ஊசிக்காது தப்பியது. மருமகள் அவள் கையைப் பற்றிக்கொண்டாள். ஒரு கணம் இருவருக்கும் ஊசி தெரியவில்லை. எல்லாம் கண்ணீர்!

ஒரு பக்கம் முடிந்தது. மறுபக்கம் பாதி ஓடும்போது அழைப்புமணி அடித்தது. கணவனுக்கு முகம் வெளுத்தது.

"அவரைக் கொஞ்சம் உக்காரச் சொல்லுடா! என் மருமக இன்னும் குறை சொல்லி முடிக்கல!" என்றாள் மாமியார்.