மஞ்சப்பையில் போன ஷூக்கள்

காலைக் காப்பி முடிந்ததும் என் மனைவி செண்பகவல்லி செய்கிற முதல் வேலை, பக்கத்து வீட்டு ஆல்ஃபியைத் தொப்பியில் ஏற்றிக்கொள்வது. தொப்பியின் முன்பக்கம் பொட்டு அளவில் ஒரு கேமரா உண்டு. அது பார்ப்பதையெல்லாம் ஆல்ஃபி தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்ப்பார். அவர் பேசுவது எங்கள் காதில் கேட்கும். இதற்குத் தொலைநடை என்று பெயர். எங்கள் எல்டர்கோம் கிராமத்தில், ஏன், இங்கிலாந்து முழுவதிலுமே, இன்று பெரும்பாலோர் இப்படி நாற்காலியில்தான் நடக்கிறார்கள். கால் வலிக்காது, சேறு ஒட்டாது.

ஆல்ஃபி பேசுவது ஆங்கிலம்தான். ஆனால் எங்கள் காதில் இருக்கும் மொழிமாற்றி, தமிழைக் கற்றுக்கொண்டது வல்லியிடம். அவள் கோவில்பட்டிக்காரி. அதனால் எழுபது தாண்டிய அந்த வெள்ளைக்காரரும் எங்கள் காதில் கோவில்பட்டிக்காரராகவே வந்து விழுவார்.

"என்ன தாயி, மேகம் மூடிட்டுக் கெடக்கு. குடை எடுத்துக்கிட்டியா?"

"நீங்கதான் நனையப் போறீங்களாக்கும்!" என்பாள் வல்லி.

என் பெயர் பூவனநாதன். கோவில்பட்டிக் கோயில் சாமியின் பெயர் எனக்கு, அம்மனின் பெயர் அவளுக்கு. பொருத்தம் பார்க்கவே தேவையில்லை என்று கட்டிவைத்துவிட்டார்கள். கயத்தாறு காற்றாலைகளில் வேலை பழகி, இந்த நாட்டுக் கடல் காற்றாலைகளைப் பழுதுபார்க்க வந்தவன் நான். ஓய்வு பெற்றபின், குன்றும் ஆறும் இருக்கிற ஊராகப் பார்த்து வல்லிதான் எல்டர்கோமைத் தேர்ந்தெடுத்தாள்.

எங்கள் நடை எப்போதும் ஒரே வழியில்தான். தேவாலயத்துப் பின்புறம் தொடங்கி, ஆட்டுப்புல்வெளியைக் கடந்து, வேலியில் வைத்த மரப்படி ஏறி இறங்கினால், இருபுறமும் மண் உயர்ந்து நிற்கும் பழைய வண்டிப்பாதை. வசந்தத்தில் அங்கே காட்டுப்பூண்டு மணக்கும். வல்லி அதில் துவையல் அரைப்பாள். வண்டிப்பாதை முடிகிற இடத்தில் இடிந்த மடம். எத்தனையோ நூற்றாண்டுக்கு முன் துறவிகள் பாடித் தொழுத இடம். கூரை போய்விட்டது, தரை புல்லாகிவிட்டது, கிழக்குச் சுவரில் கண்ணாடியில்லாத ஒரு பெரிய ஜன்னல் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கிறது. பாதை மடத்தின் மேற்கு வாசலில் நுழைந்து கிழக்கு வாசலில் வெளியேறி பீக்கன் குன்றில் ஏறும். பகைவர் வந்தால் தீ மூட்டி எச்சரித்த குன்று அது. மேலே போனால் ஆற்றின் வளைவு முழுக்கத் தெரியும், வெயில் நாளில் கடலும் ஒரு கோடாகத் தெரியும்.

குன்றின் உச்சியில் ஒரு பெஞ்ச். ஆல்ஃபியின் மனைவி ஐவியின் நினைவுக்குப் போட்டது. அவள் சாம்பலை அங்கேதான் தூவினார்கள். அன்று இறங்கி வந்த ஆல்ஃபி மறுபடி ஏறவே இல்லை. தொப்பி வழியாகத் தினமும் பார்ப்பார். வல்லி பெஞ்சைக் கைக்குட்டையால் துடைப்பாள், ஆல்ஃபி ஒன்றும் பேசமாட்டார், நாங்கள் இறங்கிவிடுவோம். "கண்ணால பாத்தா தாங்கிக்கிடலாம் தாயி, காலால போனா தாங்காது" என்று ஒருநாள் சொன்னார்.

ஏப்ரலில் ஒரு காலை, மடத்தின் மேற்கு வாசலில் இருக்கும் நடைக்கல் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. நடைக்கல் என்பது பாதை வாசல்களில் நட்டிருக்கும், தலையில் விளக்கு வைத்த முழங்கால் உயரக் கற்கம்பம். வழக்கமாகப் பச்சையாக இருக்கும், வாயே திறக்காது. அன்று பேசியது. அதுவும் எங்கள் காதில் கோவில்பட்டித் தமிழ்தான்.

"நாளைக்கு இருட்டுறதுக்குள்ள இந்தப் பாதைய அடைக்கப் போறோம். வருசம் ஒண்ணாச்சு, ஒரு ஆளு முழுசா நடக்கலையே."

வல்லிக்கு மூக்கின்மேல் கோபம் வரும். "நேத்துகூட நடந்தோம்! உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

அவள் கோபத்தை விளங்கிக்கொள்ள எங்கள் காலத்துச் சட்டம் தெரிய வேண்டும். இந்த நாடு தன் நிலத்தில் பாதியைக் காட்டுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டது. அதைப் பார்த்துக்கொள்வது, நடைக்கற்கள் வழியே பேசும் நிலமூளை என்கிற இயந்திரம். மனிதர்களோடு அது செய்துகொண்ட ஒப்பந்தம் எளிது. ஒரு பாதையில் ஊர்க்காரர் யாராவது வருடத்துக்கு ஒருமுறையாவது முழுதாக நடக்க வேண்டும். நடக்காத பாதை காட்டுக்குச் சேரும். அதன்பின் அங்கே மனிதனும் போகக்கூடாது, கேமராவும் போகக்கூடாது. நியாயமான ஒப்பந்தம்தான், குறை சொல்ல மாட்டேன். நடந்ததற்குச் சாட்சி, ஷூவின் அடியில் பதித்திருக்கும் தகடு. மண்ணில் அழுந்தும்போது நிலமூளை அதை உணரும்.

"மேக்கு வாசல் வரைக்கும் நடக்கீங்க," என்றது கம்பம். "அப்புறம் கிழக்கு வாசல்லருந்து நடக்கீங்க. நடுவுல பறந்தீங்களோ என்னவோ, எனக்குத் தெரியாது."

எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. வல்லியின் கையிலிருந்த மஞ்சப்பையைப் பார்த்தேன்.

அது இப்படி. நாங்கள் முதன்முதலாக மடத்து வாசலில் வந்து நின்றபோதே அவள் ஷூவைக் கழற்றிவிட்டாள். "சாமி கும்பிட்ட இடம். செருப்புக்காலோட போவாங்களா?" அங்கே கூரையே இல்லையே என்றேன். "கூரை இல்லன்னா சாமியும் எந்திரிச்சுப் போயிருமா?" என்று கேட்டாள். இதற்குமேல் எந்தப் புருஷன் வாதாடுவான்? வாசலிலேயே விட்டுவிட்டால் குன்றேற ஷூ வேண்டுமே. கையில் எடுத்துப்போகலாமா? அதுவும் தப்பாம். பைக்குள் போட்டால் தப்பில்லை என்று அவளே ஒரு சாஸ்திரம் எழுதினாள். அன்றிலிருந்து எங்கள் ஷூக்கள் மடத்தை மஞ்சப்பையில்தான் கடந்தன. போன வசந்தம் வரை வேறொரு குடும்பமும் இங்கே நடந்துகொண்டிருந்தது. அவர்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். அப்புறம் நாங்கள் இருவர்தான்.

"சரி, இப்பவே போட்டுக்கிட்டு நடக்கேன், எண்ணிக்கோ," என்று வல்லி குனிந்தாள்.

"உங்க ரெண்டு பேரு தகடும் இந்த வருசம் இந்தப் பாதைக்குச் செல்லாது. தகட்டக் கழத்தி நாய் கால்ல கட்டி விடுதவங்க இருக்காங்க. நடுவுல அறுந்த நடைன்னா சந்தேகக் கணக்குலதான் சேக்கணும். ஊர்ல வேற யாராவது நடந்தா எடுத்துக்கிடுதேன். அதுவரைக்கும் நீங்க உள்ள வரக்கூடாது."

நாங்கள் திரும்பினோம். ஆல்ஃபியும் தொப்பியில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்கு நினைவிருந்தது. ஊருக்குள் வந்ததும் வல்லி கதவு கதவாகத் தட்டினாள். எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் வருத்தப்பட்டார்கள். தொலைநடையில் வேண்டுமானால் தினமும் வருகிறோம் என்றார்கள். ஒரு பெண்மணி மழையெல்லாம் ஓய்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். ஆல்ஃபியின் கதவை மட்டும் வல்லி தட்டவில்லை. "அவரப் போய் நான் எப்படிங்க கேப்பேன்?" என்று சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். "எல்லாம் என்னாலதான். நல்லது செய்யுதேன்னு அந்த மனுசன் பொண்டாட்டிய அவருகிட்டருந்து புடுங்கிட்டேனே."

மறுநாள் காலை எங்கள் கதவு தட்டப்பட்டது. ஆல்ஃபி நின்றார். ஓரம் வெடித்த பழைய பூட்ஸ், கையில் கம்பு. வெளிச்சத்தில் அவரைப் பார்த்து வெகுநாளாயிற்று. குரலைவிட ஆள் ரொம்பவே மெலிந்திருந்தார்.

"தொப்பியக் குடு தாயி. அந்த மஞ்சப்பையும் குடு."

பை எதற்கு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. வல்லி இரண்டு ரொட்டியில் காட்டுப்பூண்டுத் துவையல் தடவி அதில் போட்டுக் கொடுத்தாள். நாங்கள் அவர் வீட்டுக்குப் போய், அவருடைய நாற்காலியில் நானும் ஐவியின் நாற்காலியில் வல்லியுமாக உட்கார்ந்தோம். ஒரு சுவரில் அவர் பார்ப்பது தெரிந்தது. இன்னொரு சுவரில் பாதையின் வரைபடமும் அதில் நகரும் பச்சைப் புள்ளியும். அந்தப் புள்ளிதான் அவர் பூட்ஸின் தகடு.

"மரப்படியில பாத்து ஏறுங்க. ரெண்டாவது பலகை ஆடும்," என்றாள் வல்லி.

"தெரியும் தாயி. தினமும் ஆட்டிக்கிட்டுத்தான ஏறுவ?"

ஆடுகள் விலகின. வண்டிப்பாதையில் அவருக்கு மூச்சு வாங்கியது. நின்றார், ஒரு பூண்டு இலையைக் கிள்ளி முகர்ந்தார். "இந்த வாசன நாற்காலிக்கு வரவே இல்லையே," என்றார். குழந்தை புகார் சொல்வதுபோல இருந்தது.

மேற்கு வாசலுக்கு வந்தார். காட்சி சட்டென்று கீழே சாய்ந்தது. அவர் குனிந்திருந்தார். விரல்கள் பூட்ஸின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தன.

"ஐயோ, கழத்தாதீங்க!" என்று வல்லி போட்ட கூச்சலில் நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

விரல்கள் நின்றன. "பழகிப் போச்சு தாயி," என்றார். "தினமும் இங்க கழத்திட்டுத்தான போவோம்?"

நாங்கள் கழற்றியபோதெல்லாம் அவரும் அந்த நாற்காலியடியில் கழற்றியிருக்கிறார். கீழே பார்த்தேன். அவருடைய வீட்டுச் செருப்புகள் கம்பளத்துக்கு வெளியே ஜோடியாகக் கிடந்தன.

"இன்னைக்கு ஒருநாள் போட்டுக்கிட்டே போங்க. நான் சாமிகிட்ட சொல்லிக்கிடுதேன்," என்று வல்லி தன் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்; அவரும் கன்னத்தில் இரண்டு தட்டு தட்டிக்கொண்டது கேட்டது.

கயிற்றை இறுக்கிக்கொண்டு உள்ளே போனார், மெதுவாக, திருடனைப்போல. கிழக்கு வாசலில் நடைக்கல் பச்சையானது. "குன்று வரைக்கும் போயிட்டா முழுசா ஆச்சு. அப்புறம் ஒரு வருசத்துக்குக் கவலையில்ல," என்றது.

குன்றேற அவருக்கு நெடுநேரம் பிடித்தது. உச்சியில் வெயில் இருந்தது. ஆறு, வயல், தூரத்தில் கடல் எல்லாம் இருந்தன. பெஞ்சின் முன் கொஞ்சம் நின்றார். பிறகு தொப்பியைக் கழற்றி, ஆற்றைப் பார்க்கும்படி பெஞ்சின் மேல் வைத்தார். அவர் முகம் எங்களுக்குத் தெரியவில்லை. ஐவியிடம் அவர் ஏதோ பேசினார். மொழிமாற்றி அதைத் தமிழாக்கத் தொடங்கியபோது வல்லி தன் காதிலிருந்து கருவியை எடுத்துவிட்டாள். நானும் எடுத்தேன். வரைபடத்தில் பாதை முழுக்கப் பச்சை.

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கத் தொடங்கியதும் நாங்கள் கருவியை மறுபடி காதில் மாட்டிக்கொண்டோம். கிழக்கு வாசலில் அவர் ஒரு கல்லில் உட்கார்ந்தார். பூட்ஸைக் கழற்றினார், காலுறையையும் கழற்றினார், எல்லாவற்றையும் காலியாகியிருந்த மஞ்சப்பைக்குள் வைத்தார். வெளுத்த பாதங்கள் இரண்டும் ஈரப் புல்லில் இறங்கின.

"குளிருதா?" என்று கேட்டாள் வல்லி.

"குளிருது தாயி. நல்லாருக்கு."

அவர் மடத்துக்குள் நடந்து வந்துகொண்டிருந்தார். வரைபடத்தில் பச்சைப் புள்ளி கிழக்கு வாசலோடு அணைந்துபோயிருந்தது. நிலமூளையின் கணக்குப்படி அப்போது அங்கே யாரும் இல்லை.