இவங்க நடப்பாங்களா?

"இதென்ன கூத்து! முட்டி வலிக்காரிக்கு எதுக்கு ஓட்டப்பந்தய ஷூ?"

விடிந்தும் விடியாததுமாக நாத்தனாரின் குரல் கூடத்தில் ஓங்கி ஒலித்தது. பெட்டி எடை கூடிவிட்டதென்று நடுக்கூடத்தில் அதைத் திறந்து போட்டு, ஒவ்வொன்றாக வெளியே எறிந்துகொண்டிருந்தார் அவர். அடியில் பழைய துண்டில் சுற்றி ஒளித்து வைத்திருந்த ஷூ ஜோடி அகப்பட்டுவிட்டது. கணவருடைய அக்கா அவர். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

அவள் ஷூவை எடுத்துத் திரும்பவும் துண்டில் சுற்றினாள். கணவரின் பெரிய பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவி, சர்க்கரை மாத்திரைகளை வெளியே எடுத்தாள்.

"எத்தனை தடவை சொல்றது! மாத்திரையைக் கைப்பையில வைங்கன்னு. பெட்டி வேற ஊருக்குப் போயிட்டா என்ன பண்ணுவீங்க?"

"நீ இருக்கும்போது எனக்கென்ன கவலை" என்றார் கணவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே. அது உண்மைதான். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷர் கவலைப்பட்டதே இல்லை. அந்த இலாகாவை மொத்தமாக அவளிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருந்தார்.

இந்தப் பயணத்துக்கும் அப்படித்தான். எல்லோரையும் டாக்டரிடம் இழுத்துப் போய் ஊசி போட வைத்தவள் அவள். பிளேனில் அப்பப்போ எழுந்து நடக்க வேண்டும், தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், இறங்கும்போது காது அடைக்காமலிருக்க மிட்டாய் சப்ப வேண்டும், போன இடத்தில் காய்ச்சின தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று ஆளாளுக்குப் பாடம் எடுத்திருந்தாள். "நாம டூர் போறோமா, ஆஸ்பத்திரிக்குப் போறோமா?" என்று நாத்தனார் நொடித்ததையும் காதில் வாங்கவில்லை.

ஒருவருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. மாதக்கணக்காக, வீடு எழுந்திருக்கும் முன்னே, தையல் மிஷின் மிதித்துச் சேர்த்த காசில் வாங்கிய அந்த ஷூவை மாட்டிக்கொண்டு அவள் மொட்டை மாடியில் நடந்துகொண்டிருந்தாள். போகிற ஊரில் ஒரு மலை இருந்தது. உச்சியில் நின்றால் இரண்டு பக்கமும் கடல் தெரியும் என்று மகன் போட்டோ காட்டியிருந்தான். அதில் ஏற வேண்டும். வேறு எந்த ஆசையும் அவளுக்கு இருக்கவில்லை.

மகன் ஈரத் தலையைத் துவட்டியபடி வந்தான்.

"அம்மா, உனக்கு வீல்சேர் சொல்லியாச்சு. பெரியத்தைதான் ஞாபகப்படுத்தினாங்க. உன்னைச் சாக்கு வச்சு நாங்களும் வரிசையில நிக்காம சல்லுனு உள்ள போயிடலாம். மலைக்கு நாலு டிக்கெட் போட்டுட்டேன். நீ ரூம்லயே நிம்மதியா ரெஸ்ட் எடு!"

நாலு டிக்கெட். வீட்டில் இருப்பதோ ஐந்து பேர்.

"இல்லடா... நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"அத்தை, இதை மறந்துட்டீங்களே!" என்று மருமகள் ஓடி வந்தாள். கையில் தைலப் புட்டியும் முட்டிக்குப் போடும் உறையும். "பிளேன்ல கால் மடக்கியே உக்காந்தா வலி ஜாஸ்தியாகும். ரூமுக்குப் போனதும் நானே தேய்ச்சு விடறேன், சரியா?"

இந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? அதற்குள் வாசலில் டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்துவிட்டான்.

அந்த முட்டி வலி பிறந்த கதையே வேறு. மகனுக்குக் கல்யாணமான புதிதில் குடும்பமாக வெளியூர் போகத் திட்டம் போட்டார்கள். மாமனார் அப்போது படுத்த படுக்கை. சம்பளத்துக்கு ஆள் வைக்கலாம் என்று பேச்சு எழுந்ததும் கிழவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு விசும்பினார். முன்பின் தெரியாத ஆள் தனக்குத் துணி மாற்றுவதா என்று அவருக்கு அவமானம். கணவர் அக்காவைப் பார்த்தார். அக்கா தம்பியைப் பார்த்தார். "எனக்கு முட்டி வலி. நான் வரலை, நீங்க போயிட்டு வாங்க" என்று அவள் வாயில் வந்தது. இருவரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். எந்த முட்டி என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை! அதற்குப் பிறகு வருஷா வருஷம் அதே வலி. சொன்னதற்காகக் கொஞ்சம் நொண்டவும் வேண்டியிருந்தது. போன வருஷம் மாமனார் போய்ச் சேர்ந்தார். நொண்டல் மட்டும் அவளோடு தங்கிவிட்டது.

விமான நிலையத்தில் சக்கர நாற்காலி தயாராக நின்றது. உட்கார வைத்து, மடியில் எல்லாருடைய கைப்பைகளையும் அடுக்கினார்கள். நீண்ட வரிசையைத் தாண்டி ஊழியர் ஒருவர் அவளைத் தள்ளிக்கொண்டு போக, பின்னாலேயே குடும்பம் ஜோராக நடந்தது. வரிசையில் நின்றவர்கள் அவளை 'ஐயோ பாவம்' என்று பார்த்தார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

கவுண்டரில் இருந்த பெண் அவளைப் பார்க்கவே இல்லை. அவள் தலைக்கு மேலே மகனிடம் கேட்டாள். "இவங்க நடப்பாங்களா? பிளேனுக்குப் படி ஏறணும்."

"ஏற மாட்டாங்க."

"கொஞ்ச தூரம்கூட நடக்க மாட்டாங்களா?"

"எங்கேம்மா நடக்கறது! கட்டிலை விட்டு எறங்கவே ரெண்டு ஆள் வேணும்" என்று அளந்துவிட்டார் நாத்தனார்.

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. "அந்த அளவுக்கு முடியாதவங்கன்னா டாக்டர் சர்டிபிகேட் வேணுமே. இல்லேன்னா ஏத்த முடியாது."

மகன் திருதிருவென்று விழித்தான். நாத்தனார் நாக்கைக் கடித்துக்கொண்டார். கணவர்தான் குனிந்து, மிகுந்த கரிசனத்தோடு, அந்த வார்த்தையைச் சொன்னார்.

"பேசாம நீ வீட்டுக்குப் போயிடறியா? டாக்ஸி சொல்லட்டுமா? உனக்கும் அலைச்சல் மிச்சம்..."

அவளுக்குள் என்னவோ அறுந்தது. மடியில் இருந்த பைகளை ஒவ்வொன்றாக எடுத்து அவர் கையில் கொடுத்தாள். எழுந்து நின்றாள்.

"நடப்பேன்" என்றாள் கவுண்டர்ப் பெண்ணிடம். "படி ஏறுவேன். மலையும் ஏறுவேன். இனிமே என்னைப் பத்தி என்கிட்டயே கேளும்மா."

அங்கிருந்து எதிரே இருந்த தூண் வரைக்கும் விறுவிறுவென்று நடந்து போய்த் திரும்பி வந்தாள். நொண்டலின் சுவடே இல்லை.

"மானத்தை வாங்கிட்டியே!" என்று நாத்தனார் பல்லைக் கடித்தார். மருமகள்தான் இடி விழுந்தது போல நின்றாள்.

"அப்ப... வலியே இல்லையா அத்தை? எத்தனை நாள் தைலம் தேய்ச்சு விட்டேன்... எல்லாம் நடிப்பா? என்கூட வெளிய வரப் பிடிக்கலை, அதானே? அம்மா இல்லாத பொண்ணு நான். உங்களைத்தானே அம்மான்னு நெனச்சேன்..." அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அந்தக் கண்ணீர் அவளைச் சுட்டது. கணவரிடம் திரும்பினாள். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவர் தரையைப் பார்த்தார். அவள் மகன் பக்கம் திரும்பினாள்.

"சரி, நானே சொல்றேன். உங்க தாத்தாவைப் பாத்துக்க வீட்ல ஒருத்தர் வேணும்டா. உங்கப்பாவுக்கும் மனசில்ல, பெரியத்தைக்கும் மனசில்ல. நான் முட்டி வலின்னேன். ரெண்டு பேரும் அப்பாடான்னு கிளம்பிட்டாங்க. நாள் பூரா தையல் மிஷினை மிதிச்சுக்கிட்டு இருக்கேனே... இவளுக்கு எப்படி முட்டி வலிக்கும்னு உங்க யாருக்காவது கேக்கத் தோணுச்சா? அவரைப் பாத்துக்கிட்டதுக்கு நான் வருத்தப்படலை. அவர் போனப்புறமும் என்னை ரூம்ல விட்டுட்டுப் போகப் பாக்கறீங்களே, அதுக்குத்தான் எரியுது! இனிமே யாருக்காகவும் நான் நொண்ட மாட்டேன்!"

மகனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. "அப்பா, நிஜமாவா?"

"எனக்குத் தெரியும்டா" என்றார் கணவர், கேட்டும் கேட்காத குரலில். "தெரிஞ்சுதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

மருமகள் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே! நான் உங்ககூட இருந்திருப்பேனே!"

"நீ இருந்துடுவேன்னு தெரிஞ்சுதான்டி சொல்லலை."

"அப்ப தைலம்...?"

"வலி இல்லைன்னா நீ தேய்க்கறதை நிறுத்திடுவியே..." அவள் குரல் உடைந்தது. "என்னை அப்படித் தொட்டுப் பாத்தது நீ ஒருத்திதான்."

மருமகள் அவளைக் கட்டிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாதபடி அவள் உடம்பு குலுங்கியது. வரிசையில் நின்றவர்கள் பெட்டியை நகர்த்தவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி, வீல்சேர் யாருக்கும் வேண்டாமா?" என்று தள்ளி வந்தவர் கேட்டார்.

நாத்தனாரின் பார்வை மட்டும் நாற்காலி மேல் போய்த் திரும்பியது. அவள் அதைக் கவனித்துவிட்டாள்.

"அண்ணி, உக்காருங்க."

"எனக்கென்ன கேடு? நான் நல்லாத்தான் இருக்கேன்!"

"உங்க இடது முட்டி வீங்கியிருக்கு. படி எறங்கும்போது சுவத்தைப் பிடிச்சுக்கறீங்க. நொண்டறதை உங்ககிட்டேர்ந்துதானே நான் கத்துக்கிட்டேன்! எனக்குத் தெரியாதா?"

நாத்தனாரின் உதடு துடித்தது. "சொன்னா... என்னை விட்டுட்டுப் போயிடுவீங்களோன்னு பயம்" என்றார். அந்த வீட்டில் சட்டம் போட்டவர் சின்னப்பிள்ளை போல முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்கப்பா பக்கத்துல நான் ஒரு ராத்திரிகூட உக்காரலை. நீ உக்காந்தே. அது என் நெஞ்சுல கெடந்து அறுக்குது... அதான் உன்னைப் பாத்தாலே எரிஞ்சு விழுவேன்."

"ஊருக்குத் திரும்பினதும் டாக்டர்கிட்ட போலாம். இப்ப உக்காருங்க."

நாத்தனார் உட்கார்ந்தார். கவுண்டர்ப் பெண் பாஸ்களைக் கொடுத்ததும் எல்லோரும் கிளம்பத் தயாரானார்கள். கை நிறையப் பைகளோடு நின்ற கணவரிடம் அவள் திரும்பினாள்.

"மலைக்கு நாலு டிக்கெட்தானே இருக்கு? அண்ணியால ஏற முடியாது. அவங்க டிக்கெட்ல நான் போறேன்."

"தாராளமாப் போ" என்றார் கணவர் அவசரமாக. "நாலு பேரும் சேர்ந்தே போலாம்."

"அண்ணியை ரூம்ல தனியா விட்டுட்டா?"

அவர் மகனைப் பார்த்தார். மகன் வேறு பக்கம் பார்த்தான். அக்காவைப் பார்த்தார். அக்கா தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் வழக்கம் போல மனைவியின் முகத்தைப் பார்த்தார். இந்தத் தடவை அந்த முகத்திலிருந்து எந்த முட்டி வலியும் வரவில்லை.

"நான்... நான் இருக்கேன்" என்றார் மெதுவாக. "நீ போயிட்டு வா."

"காய்ச்சின தண்ணியா பாத்துக் குடுங்க" என்றாள் அவள். மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.