மூன்றாவது பைலட்

ரேடியோப் பெட்டியிலிருந்து மணவாளனின் சிரிப்பு கேட்டபோது வீரராகவன் கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தான்.

விமானத்திலிருந்து வரும் பேச்சில் சிரிப்பு இருக்காது. எங்கே இருக்கிறோம், எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று இரண்டு வாக்கியம் வரும், சட்டியில் கடுகு பொரிவது போல ஓர் இரைச்சல் எழும், பிறகு மௌனமாகிவிடும். இன்றைக்கு அந்த மௌனம் வரவில்லை. மணவாளன் சிரித்து முடித்தார், பெருமூச்சு விட்டார், என்ஜின்களின் உறுமலுக்கு மேல் குரலை உயர்த்தி யாரிடமோ, "கையக் கட்டிகினு குந்தி எவ்ளோ நேரமாச்சு தெரியுமா? தொரதான் ஓட்டறாரு" என்றார்.

அவர் பேசிவிட்டுக் கீழே வைத்த மைக்கின் பொத்தான் அழுந்தியபடி மாட்டிக்கொண்டுவிட்டது என்பது வீரராகவனுக்கு உடனே புரிந்தது. யுத்தத்தில் பர்மாப் பக்கம் பறந்தபோது அவனுக்கே ஒருமுறை நடந்திருக்கிறது. பொத்தான் விடுபடும் வரை அவர்கள் பேசுவதெல்லாம் இங்கே கேட்கும். இங்கிருந்து பேசுவது எதுவும் அவர்களுக்குக் கேட்காது. பெட்டியை அணைத்துவிட்டு எழுந்து போகலாம். அவன் எழவில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டான்.

யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பருத்திப்பட்டு ஏரிக்கு அப்பால் பட்டாளத்தார் போட்டுவிட்டுப் போன ஓடுபாதையும், அதன் ஓரத்தில் பீப்பாயைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்தது போன்ற ஆபீசாக இருந்த இந்தத் தகரக் கொட்டகையும், ஒரே ஒரு டக்கோட்டா விமானமும்தான் கம்பெனி. முதலாளி லோகநாதன் பூந்தமல்லியில் எண்ணெய் மில் வைத்திருந்தவர். பைலட்டுகள் மூன்று பேர்: மூத்தவர் மணவாளன், அடுத்து வீரராகவன், கடைசியாகச் சேர்ந்தவன் ஆனந்தன். முறைப்படி இன்று பெங்களூருக்குப் போயிருக்க வேண்டியவன் வீரராகவன். காலையில் லோகநாதன் அவன் முகத்தைப் பார்க்காமல், ஓடுபாதையின் பக்கம் பார்த்துக்கொண்டு, "இன்னிக்கு ஆனந்தன் போய்ட்டு வரட்டும். நீ ரேடியோவப் பாத்துக்க" என்றார். அந்தப் பார்வையைத்தான் வீரராகவன் பகல் முழுக்க மென்றுகொண்டிருந்தான்.

ஐப்பசி மழை பிற்பகலிலேயே இருட்டைக் கொண்டுவந்துவிட்டது. தகரக் கூரையில் தூறல் விழும் சத்தம் ஒரு சீராக, யாரோ தானியம் புடைப்பது போல இருந்தது. திறந்திருந்த கதவு வழியாக ஏரிச்சேற்றின் வாசனையும் விமான எண்ணெயின் வாசனையும் கலந்து வந்தன. சூடேறிய ரேடியோப் பெட்டிக்குள் தூசி கருகும் வாடை மூக்கில் நின்றது. தூரத்தில் காவல்காரன் வேம்புலி சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடுபாதை ஓரத்துத் தகர விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு போனான்.

"சம்பளம் கேக்காத தொர" என்றது ஆனந்தனின் குரல். "அதான் லோகநாதனாருக்கு அவரப் புடிச்சிபோச்சு."

தொர என்று அவர்கள் சொன்னது தானாக ஓட்டும் மிஷினை. விமானிகளின் முன்னால், கருவிகளுக்கு நடுவில் பொருத்தப்பட்ட ஒரு கறுப்புப் பெட்டி. திசையையும் உயரத்தையும் ஒருமுறை சொல்லிக் கொடுத்துவிட்டால் போதும். சுக்கான் சக்கரத்தை அதுவே பிடித்துக்கொள்ளும். யுத்தச் சாமான்களை ஏலம் எடுத்த ஒருவனிடமிருந்து லோகநாதன் போன வாரம்தான் அதை வாங்கி மாட்டியிருந்தார். எந்த விமானத்திலிருந்து கழற்றியது என்று வீரராகவன் கேட்டபோது பேச்சை மாற்றிவிட்டார்.

"கம்பெனி பொங்கல் வரிக்கும் தாங்குமா அண்ணாத்தே?"

"பெட்ரோலே கடன்ல ஓடுது. மில்லயும் பேங்க்குல வச்சிட்டாரு. பட்டும் கொத்தவரங்காயும் ஏத்திகினு வந்து எவ்ளோ சம்பாரிக்கறது? மூணு பேரு ஓட்டிகினு இருந்த எடத்துல இனிமே ரெண்டு பேரு போதும்ன்றாரு. மிஷினு வந்தாச்சே, மூணாவது ஆளு எதுக்குன்னு கேக்கறாரு."

"வீரராகவனா?"

மணவாளன் சூள் கொட்டுவது கேட்டது. என்ஜின்கள் மட்டும் உறுமின.

"பாவம் அண்ணாத்தே. ஊட்ல புள்ளத்தாச்சி."

"நீ வாய மூடிகினு இரு. நான் சமயம் பாத்து சொல்றேன்."

வீரராகவனுக்குக் காது சுட்டது. சேக்காட்டு வீட்டில் அவன் மனைவி பூங்காவனம் ஏழு மாத வயிற்றோடு இருந்தாள். நேற்றுக்கூட மணவாளன் அவன் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தார். எத்தனை நாளாகத் தெரியும் இவர்களுக்கு? எல்லாருமாகப் பேசிவைத்துக்கொண்டு தன்னிடம் மட்டும் சிரித்தார்களா? இனிமேல் அவர்கள் இறங்கி வந்து என்ன பேசினாலும், பேச்சுக்குப் பின்னால் இருக்கிற பேச்சைத் தேட வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

"இன்னாது, இடப்பக்கம் இழுக்குது?" என்றார் மணவாளன்.

"தொரயத்தான் கேக்கணும்."

"வெளையாடாத. கால எடு பெடல்லேர்ந்து."

"நான் கால மடக்கிகினு குந்திகினு கீறேன். நீங்கதான் எதையோ மிதிக்கிறீங்க."

"நானா? பாரு, ரெண்டு கையும் மடியில கீது."

இருவரும் ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று வீரராகவன் இங்கிருந்தே ஊகித்தான்.

"மறுபடியும் திரும்புது அண்ணாத்தே. ஏரிப்பக்கமே போவுது. ஏதாச்சும் பண்றீங்கன்னா சொல்லிடுங்க. லோகநாதனார் ஏரில வுட்டுட்டா இன்சூரன்ஸு கின்சூரன்ஸுன்னு உங்ககிட்ட ஏதாச்சும்..."

"அடி செருப்பால. என்னப் பாத்தா அப்படித் தெரியுதா? இரு, மிஷின நிறுத்தறேன்."

ஒரு பிடியைத் தள்ளும் சத்தம் கேட்டது. டொக்.

"நிறுத்திட்டேன்."

"நிறுத்திட்டீங்களா?"

"நிறுத்திட்டேன்னு சொல்றேன்ல."

மழை வலுத்தது. வீரராகவன் பெட்டியின் மேல் குனிந்தான்.

"சக்கரம் திரும்புது அண்ணாத்தே." ஆனந்தனின் குரல் மெலிந்திருந்தது. "உங்க கையும் அதுல இல்ல. என் கையும் இல்ல. அப்ப யாரு ஓட்டறது?"

இரைச்சல். உறுமல்.

பிறகு ஒரு குரல், "நாந்தான்" என்றது.

அந்தக் குரல் கத்தவில்லை. என்ஜின் சத்தத்தில் மற்ற இருவரும் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்தார்கள். இது பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவனின் குரல் போலத் தணிந்து, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக வந்தது. ஆள் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் வீரராகவனுக்குத் தோன்றியது. சரக்கு விமானத்தில் திருட்டுத்தனமாக யாரையோ ஏற்றி, கம்பெனிக்குத் தெரியாமல் காசு பார்க்கிறார்கள். அப்படி நினைத்தபோது அவனுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தது நன்றாக இருந்தது.

ஆனால் விமானத்தில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். ஏதோ ஒன்று தரையில் விழுந்து உருண்டது. மணவாளன் சாமி பெயரைச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார்.

பிறகு அவர் சிரித்தார். சாதாரணமாக, களைப்பு நீங்கிய மாதிரி.

"அட, நீயா வீரராகவா" என்றார்.

வீரராகவனின் முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது.

"பயந்தே பூட்டேன் மச்சான்" என்றான் ஆனந்தன். அவனும் சிரித்தான். "முன்னயே சொல்றதுக்கு இன்னா?"

"அத்த வுடு" என்றது அந்தக் குரல். "நான் பாத்துக்கறேன். நீங்க குந்துங்க."

எதற்கெடுத்தாலும் 'அத்த வுடு' என்று தொடங்குவது வீரராகவனின் வழக்கம். பூங்காவனம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஆனந்தன் தன்னைப் போலப் பேசிக் காட்டுகிறானா? இல்லை, ஆனந்தன் அந்தக் குரலுக்கு நடுவிலேயே சிரித்துக்கொண்டிருந்தான். பர்மாவில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி, குரலைக் கம்பியில் பிடிக்கும் மிஷின் ஒன்றைக் கொண்டுவந்து, வீரராகவனைப் பேசச் சொல்லித் திருப்பிப் போட்டுக் காட்டினான். அது நான் இல்லை என்று அன்றைக்கு அவன் சாதித்தான். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் அவனேதான் என்றார்கள்.

இப்போது பெட்டியில் பேசுவது அன்று கம்பியில் கேட்ட அதே குரல்.

மைக்கை எடுத்து அழுத்தினான். "அண்ணாத்தே, அங்க யாரு? யாரு கூடப் பேசறீங்க? நான் ஆபீசுல கீறேன். அண்ணாத்தே."

கேட்காது என்று தெரியும். தெரிந்தும் கத்தினான்.

"கத்திகினு கீறான்" என்றது குரல்.

"யாரு?" என்றார் மணவாளன்.

"கீழ, ஆபீசுல. யாரோ."

"நம்ம ஆபீசுலயா? அங்க யாரு கீறாங்க?"

"தெர்ல. வெளக்கு ஏத்தப் போறான்."

வீரராகவனின் ஒரு கை அரிக்கேன் விளக்கின் மேல் இருந்தது. எப்போது அதை எடுத்தான் என்று அவனுக்குத் தெரியவில்லை. கையை இழுத்துக்கொண்டான்.

"ஏத்தல" என்றது குரல்.

பெட்டியின் விசையைத் திருகி அணைத்தான். சின்னச் சிவப்பு வெளிச்சம் மங்கி அணைந்தது. கொட்டகையில் மழைச் சத்தம் மட்டும் நின்றது. அதற்கு மேல், ஏரிக்கு அந்தப்பக்கம், என்ஜின்கள்.

அவ்வளவு அழகாக அந்த விமானம் அந்த ஓடுபாதையில் ஒருநாளும் இறங்கியதில்லை. சக்கரம் தரையைத் தொட்ட சத்தமே கேட்கவில்லை. வேம்புலியின் விளக்குகளுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு வந்து, கொட்டகைக்கு நேராகத் திரும்பி நின்றது. என்ஜின்கள் ஓய்ந்தன. லோகநாதன் பைலட்டுகளை வீட்டில் விடுவதற்கு அனுப்பியிருந்த கார் பக்கத்தில் போய் நின்றது.

வீரராகவன் சன்னலோரம் நின்று பார்த்தான். கதவு திறந்தது. மணவாளன் இறங்கினார். ஆனந்தன் இறங்கினான். இருவரும் கீழே நின்று, மேலே பார்த்து, காத்திருந்தார்கள்.

மூன்றாவதாக ஒருவன் இறங்கினான். அவசரமில்லாமல்.

மழையில் முகம் தெரியவில்லை. கம்பெனித் தொப்பி தெரிந்தது. இடது தோள் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. வீரராகவனின் இடது தோளும் அப்படித்தான். மணவாளன் அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். மூவரும் காரில் ஏறினார்கள். கடைசியாக ஏறியவன், வேம்புலி கதவைச் சாத்துவதற்கு முன், கொட்டகைப் பக்கம் ஒரு முறை திரும்பினான்.

ஓடிப் போய்க் காரை மறிக்க வேண்டும். அவன் வாசலுக்கு ஓடிவந்தபோது காரின் பின்விளக்கு ஏரிக்கரை மேல் ஏறிவிட்டிருந்தது.

வாசலில் வேம்புலி எதிரே வந்தான். கையிலிருந்த விளக்கைத் தூக்கி வீரராகவனின் முகத்தைப் பார்த்தான். ஓர் அடி பின்னே வைத்தான்.

"இன்னா சார், இப்பத்தான கார்ல ஏறுனீங்க? நான்தான கதவப் புடிச்சேன்."

"அது யாரு வேம்புலி? அவன் மூஞ்சிய நல்லாப் பாத்தியா?"

"நல்லாத்தான் சார் பாத்தேன்." வேம்புலி விளக்கை இறக்கவில்லை. வெளிச்சத்தை அவன் முகத்தில் பிடித்தபடியே இன்னும் ஓரடி பின்னே போனான். "நீ யாரு?"

வீரராகவன் சைக்கிளை எடுத்தான்.

ஏரிக்கரை முழுக்கச் சேறு. தவளைச் சத்தம். வலப்பக்கம் தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது. ரெண்டு பேரும் சேர்ந்து ஏதோ ஏமாற்று வேலை செய்கிறார்கள். லோகநாதன் சொல்லிச் செய்கிறார்கள். என்னைப் போலவே ஒருவனைப் பிடித்துவந்து, பயமுறுத்தி, நானாகவே வேலையை விட்டுப் போகும்படி. அப்படித்தான் இருக்க வேண்டும். வேம்புலிக்கும் காசு கொடுத்திருக்கிறார்கள். சைக்கிள் மிதிக்க மிதிக்க அதையே சொல்லிக்கொண்டான். சேக்காட்டுத் தெரு முனையில் கார் எதிரே வந்தது, விலகி நின்றான். பின்சீட்டில் மணவாளனும் ஆனந்தனும். இரண்டே பேர். அவன் கையை ஆட்டினான். மணவாளன் அவனைத் தாண்டி மழையைப் பார்த்தார்.

வீட்டு வாசலில் ஒரு ஜோடி பூட்ஸ், சேற்றோடு.

கதவு தாழிட்டிருந்தது. தெருப்பக்கத்துச் சன்னல் திறந்திருந்தது. உள்ளே விளக்கு. ரசத்தின் வாசனை.

ஒருவன் சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எதிரில் பூங்காவனம், வயிற்றின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, கரண்டியோடு. சிரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை மாதத்தில் அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை.

வீரராகவன் அவளைக் கூப்பிடுவதற்கு வாயைத் திறந்தான்.

"பூங்கா" என்றது குரல். உள்ளே இருந்து.

அவன் தொண்டையில் காற்று மட்டும் இருந்தது. மறுபடி முயன்றான். ஒன்றுமில்லை.

"சன்னலச் சாத்து" என்றான் உள்ளே இருந்தவன், திரும்பிப் பார்க்காமல். "வெளிய யாரோ நின்னுகினு கீறான்."

பூங்காவனம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சன்னலுக்கு வந்தாள். அவனைப் பார்த்தாள்.

அவளுக்கு அவனைத் தெரிந்தது. அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அவள் கண் அவன் நனைந்த தலையிலிருந்து கைக்குப் போயிற்று, மறுபடி முகத்துக்கு வந்தது. உள்ளே உட்கார்ந்திருந்தவனைத் திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. பார்வையை வீரராகவன்மேலிருந்து எடுக்காமலே, ஒரு பலகையை, பிறகு இன்னொரு பலகையைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

"யாரு?" என்று உள்ளே அந்தக் குரல் கேட்டது. இவ்வளவு மழையிலும் தெளிவாக.

"யாரும் இல்ல" என்றாள் பூங்காவனம்.

பலகை இடுக்கில் விளக்கு வெளிச்சம் ஒரு கோடாக நின்றது. தட்டை நகர்த்தி வைக்கும் சத்தம். அவசரமில்லாத காலடிகள். உள்ளிருந்து ஏதோ வந்து அந்தக் கோட்டை மேலிருந்து கீழ் வரை மறைத்தது.

அது அங்கேயே நின்றது.