மாதுளம்பூத் தூண்கள்

மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. ஸ்கூட்டரை வாசலிலேயே விட்டுவிட்டு, பாதி கட்டிய வீட்டுக்குள் ஓடி வந்தவள் மாடிப்படியைப் பார்த்ததும் அலறியே விட்டாள்.

"ஐயோ! எல்லாத்தையும் தலைகீழா மாட்டி வெச்சிருக்கீங்களே!"

கைப்பிடிக்குக் கீழே வரிசையாகக் குட்டி மரத்தூண்கள்... வரைபடத்தில் தூணின் உருண்டைப் பகுதி மேலே இருந்தது. இங்கே கீழே!

கடைசல் பட்டறைக்காரன் உளியோடு நிமிர்ந்தான். தலையெல்லாம் மரத்தூள். ஆனால் அந்தக் கண்கள்... சே, சண்டை போட வந்த இடத்தில் கண்ணையா பார்ப்பது!

"தூண் நேராத்தாங்க நிக்குது. வரைபடந்தான் தலைகீழ். எந்த மகராசன் வரைஞ்சானோ!"

"மகராசன் இல்ல, மகராசி. நான்தான்!"

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனாலும் விடவில்லை.

"இதுக்கு பலஸ்டர்னு எப்படிப் பேரு வந்துச்சு தெரியுமா? கிரேக்கத்துல காட்டு மாதுளம்பூவோட பேருங்க அது. இத்தாலிக்காரங்க அதையே இந்தத் தூணுக்கு வெச்சுட்டாங்க. பாதி விரிஞ்ச பூ எப்படி இருக்கும்? அடியில உருண்டை, அப்புறம் கழுத்து, மேல விரிவு..."

"சும்மா கதை விடாதீங்க!"

செல்போனில் தேடினாள். பூவைப் பார்த்தாள்... தூணைப் பார்த்தாள்... முகத்தில் அசடு வழிந்தது.

அந்த நேரம் பார்த்தா கான்ட்ராக்டர் வர வேண்டும்? அவளுடைய அப்பாதான்!

"யாரைக் கேட்டுய்யா மாத்தினே? என் பொண்ணு முதல்முதலா போட்ட வரைபடம்! நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

ஒரு வார்த்தை சொன்னால் அவன் தப்பித்துவிடலாம். அவன் அவளைப் பார்த்தான்.

"தப்புதாங்க," என்று உளிகளைப் பைக்குள் போட ஆரம்பித்தான்.

அவள் ஓரடி முன்னே வந்தாள். சொன்னால் அப்பாவிடம் மானம் போகும். சொல்லாவிட்டால் இவன் போய்விடுவான்... போயே விடுவான்!

"அப்பா! தப்பு என்னோடது. நான்தான் தலைகீழா வரைஞ்சுட்டேன். அவர் வெச்சதுதான் சரி."

அப்பா மகளைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். "அப்ப வேலையைப் பாருப்பா," என்று முனகிவிட்டு மாடிக்குப் போனார்.

"ஏன் வாயையே திறக்கல?" அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"உங்க அப்பா முன்னாடி நீங்க தலைகுனிய... எனக்கு மனசு வரல."

"அதுக்காக வேலையை விட்டுடுவீங்களா? என்னைப் பார்த்து அரைமணி நேரம்கூட ஆகல!"

"ஆகலதான்... அதுக்குள்ள புடிச்சுப்போச்சுங்க. நான் என்ன பண்றது?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"எனக்கும்தான்... ரொம்பப் புடிச்சிருக்கு," என்றாள். "அப்பாகிட்ட நானே சொல்லிடறேன். இன்னிக்கு ஒரு உண்மை சொல்லிப் பழகிட்டேனே!"