தவளை கத்தும் சைக்கிள்

சிவகரன் அண்ணனின் சைக்கிள் தவளை மாதிரி கத்த ஆரம்பித்தது ஒரு வியாழக்கிழமை காலையில்தான்.

அதற்கு முன்பு அது நல்ல சைக்கிளாகத்தான் இருந்தது. நல்ல சைக்கிள் என்றால் கடையில் விற்கிற மாதிரி அல்ல. பின்சக்கரம் பெரியது, முன்சக்கரம் யாரோ ஒரு சின்னப் பிள்ளையின் சைக்கிளில் இருந்து வந்தது. ஹேண்டில் ஆட்டுக்கொம்பு போல வளைந்து அண்ணனின் தோள் வரை நிற்கும். எல்லாவற்றையும் அண்ணனே வெட்டிச் சேர்த்து, மீன்கொத்தி நீலத்தில் சாயம் அடித்திருந்தான். முன்னால் ஒரு முறுக்கு டின். டின்னுக்குள் ஒரு நீல ஸ்பீக்கர்.

அண்ணன் செய்த டிஜே மிக்ஸ் அந்த ஸ்பீக்கரில் ஓடும். பட்டர்வொர்த் பெர்ரிக் கப்பலின் ஊதல், ரொட்டி சானாய் மாவைக் கல்லில் வீசி அடிக்கும் 'தப்', தைப்பூசத்தில் பிடித்து வைத்த உறுமிச் சத்தம். எங்கே போனாலும் போனை நீட்டி ஏதாவது ஒரு சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வருவான். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கலக்குவான். கேட்டால் காலைக் கட்டிப் போட முடியாது.

ஞாயிறு காலையில் லெபோ பந்தாய் தெருவில் கார் விடமாட்டார்கள். இந்த ஞாயிறு அங்கே ஊரில் உள்ள வினோத சைக்கிள்கள் எல்லாம் கூடப் போகின்றன. ஒவ்வொரு சைக்கிளுக்கும் மூன்று நிமிடம். சொந்தப் பாட்டோடு தெருவை ஒரு சுற்று சுற்றி வரவேண்டும். அண்ணன் ஓட்ட, பின்சீட்டில் உட்கார்ந்து மணி அடிக்கப்போவது தங்கை தனுஜா. அவளுக்குப் பதினொரு வயது. பள்ளி விடுமுறை. மஞ்சள் சட்டையைத் தேய்த்து மாட்டி வைத்து நாலு நாள் ஆகிவிட்டது.

வியாழக்கிழமை காலை, பிளாட்டின் இரண்டாவது மாடியில், வீட்டு வாசல் நடையில் சைக்கிளை நிறுத்தி அண்ணன் மிக்ஸைப் போட்டுப் பார்த்தான். பெர்ரி ஊதியது. உறுமி கிளம்பியது. திடீரென்று எல்லாம் நின்று, முறுக்கு டின்னுக்குள் மழை கொட்டத் தொடங்கியது.

சோவென்ற மழை. அம்மா சமையலறையில் இருந்து ஓடி வந்தாள். ஜன்னல் கழியில் காய்ந்த துணிகளை எல்லாம் ஒரே இழுப்பாக இழுத்து உள்ளே போட்டாள். பிறகு வெளியே எட்டிப் பார்த்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது.

மழைக்குப் பின்னால் ஒரு தவளை. அதற்குப் பதில் சொல்ல இன்னொரு தவளை. கொஞ்ச நேரத்தில் ஒரு குடும்பமே கத்தியது. அண்ணன் போனைத் தட்டினான், டின்னைத் தட்டினான். கடைசியில் ஸ்பீக்கரையே அணைத்துவிட்டுத் தங்கையைத் திரும்பிப் பார்த்தான்.

அதற்குக் காரணம் இருந்தது. போன மாதம் தனுஜா அண்ணனின் மிக்ஸுக்கு நடுவில் தன் தும்மலைச் சேர்த்து வைத்திருந்தாள். அது நல்ல தும்மல்தான். ஆனால் அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை.

"நான் தொடவே இல்ல, அண்ணே."

"அப்ப தவளை நடந்து வந்து டின்னுக்குள்ள உட்கார்ந்துச்சா?"

மத்தியான வேலைக்கு அண்ணன் பாயான் பாரு தொழிற்சாலைக்குப் போன பிறகு தனுஜா டின்னைக் கவிழ்த்துப் பார்த்தாள். முறுக்குத் தூள் மட்டும் விழுந்தது. ஒருவேளை தான்தான் எதையாவது அழுத்திவிட்டோமோ, அது தனக்கே தெரியாமல் போய்விட்டதோ என்று தன் மேலேயே சந்தேகம் வந்தது.

வெள்ளிக்கிழமையும் அதே கதை. பெர்ரி, உறுமி, மழை, தவளை. இந்த முறை இன்னும் சத்தமாக. அம்மா மறுபடியும் துணியை இழுத்துப் போட்டாள். அண்ணன் கோபத்தில் கத்தக்கூட இல்லை. அதுதான் தனுஜாவுக்குப் பயமாக இருந்தது.

"ஞாயித்துக்கெழம நான் தனியா போறேன். நீ வரவேண்டாம்லா," என்றான். "அவ்வளவு பேருக்கு முன்னால தவளை கத்துச்சுன்னா நான் மூஞ்ச எங்க கொண்டு வைப்பேன்?"

தனுஜா மஞ்சள் சட்டையைப் பார்த்தபடி ரொம்ப நேரம் படுத்திருந்தாள். அழுகை வந்தது. ஆனால் அழுகைக்கு நடுவில் ஒன்று ஞாபகம் வந்தது. இரண்டு நாளும் தவளை கத்துவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால், கீழே தொழிற்சாலை பஸ் ஹார்ன் அடித்தது.

பஸ்ஸுக்கும் தவளைக்கும் என்ன சம்பந்தம்? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியதே தவிர ஒன்றும் பிடிபடவில்லை.

சனிக்கிழமை காலை அவள் படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். பஸ் வந்தது. இவர்கள் பிளாட்டில் இறங்கியது ஒரே ஆள். நேர் மேல்வீட்டு லோகேஸ்வரி அக்கா. அண்ணன் வேலை செய்யும் அதே தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவர். கூலிம் என்ற ஊரில் இருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். அக்காவின் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. படியில் ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

உடம்பு சரியில்லையா என்று தனுஜா கேட்டாள். அக்கா நின்று, ஒரு கொட்டாவி விட்டுவிட்டுச் சொன்னார்: "தூங்கி மூனு நாளாச்சு தங்கச்சி. நேத்து மிஷின் முன்னாலயே கண்ணு சொக்கிடுச்சு. நல்ல வேள, சூப்பர்வைசர் பாக்கல."

"ஏன்க்கா தூக்கம் வரல?"

"புதுசா ஒரு ஸ்பீக்கர் கொடுத்தாங்க, அதுவும் ரோசாக், கெட்டுப்போச்சு. சத்தமே வராது. சத்தம் இல்லாம எனக்குத் தூக்கம் வராது. கீழ வேற யாரோ காலையில டம்மு டம்முனு போடுறாங்க."

கீழே போடுவது யார் என்று தனுஜாவுக்கு நன்றாகவே தெரியும். காது சூடாகிவிட்டது. ஆனாலும் கேட்டாள்.

"என்ன சத்தம்க்கா கேப்பீங்க?"

அக்கா கொஞ்சம் வெட்கப்பட்டார். "சிரிக்கக்கூடாது. மழையும் தவளையும். எங்க வீட்டுப் பின்னால வாய்க்கால் இருக்கு. என் தம்பி போன்ல புடிச்சு அனுப்பினான்."

தனுஜா சிரிக்கவில்லை. அக்காவின் பையைத் தானே வாங்கித் தூக்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள்.

அக்காவின் மேசையில் ஒரு நீல ஸ்பீக்கர் இருந்தது. அண்ணனின் டின்னுக்குள் இருப்பதற்கு இரட்டைப் பிள்ளை. தொழிற்சாலையின் ஆண்டு விருந்தில் எல்லாருக்கும் ஒரே ஸ்பீக்கரைத்தான் கொடுத்திருந்தார்கள். அண்ணனுக்கும் அங்கேதான் கிடைத்தது.

தனுஜா அக்காவை ஒரு தடவை போடச் சொன்னாள். அக்கா போனை அழுத்தினார். மேசை மேல் இருந்த ஸ்பீக்கர் மூச்சு விடவில்லை. அக்கா சத்தத்தைக் கூட்டினார், இன்னும் கூட்டினார்.

கீழ்வீட்டில் அப்போதுதான் தொடங்கிய உறுமி சட்டென்று நின்று, சோவென்று மழை கிளம்பியது. தவளைகள் கத்தின. அதற்கு மேலே அம்மாவின் குரல் கேட்டது: "ஐயோ, துணி!"

லோகேஸ்வரி அக்கா வாயைத் திறந்தபடி தரையைப் பார்த்தார். பிறகு தனுஜாவைப் பார்த்தார். அதற்குள் அண்ணன் தடதடவென்று மாடி ஏறி வந்துவிட்டான். கையில் முறுக்கு டின். டின்னுக்குள் தவளைகள்.

போனின் புளூடூத் பட்டியலில் இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே பெயர். அக்காவின் போன் முதல் நாளே தப்பான ஸ்பீக்கரைப் பிடித்துக்கொண்டுவிட்டது. மூன்று நாளாக அவருடைய மழையெல்லாம் கீழ்வீட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் ஐந்து நிமிடத்தில் சரிசெய்தான். தன் ஸ்பீக்கருக்குப் பெயரை மாற்றி 'தனுஜா' என்று வைத்தான். மன்னிப்பு கேட்பதற்கு அவனுக்குத் தெரிந்த வழி அதுதான்.

ஆனால் தனுஜா அங்கிருந்து நகரவில்லை.

"இன்னும் ஒன்னு இருக்கு, அண்ணே. அக்கா தூங்குற நேரத்துலதான் நீ உறுமி போடுற."

அண்ணன் தலையைச் சொறிந்தான். அக்காவின் சிவந்த கண்களைப் பார்த்தான். இனிமேல் காலை வேளையில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் மிக்ஸ் செய்வேன் என்று ஒத்துக்கொண்டான். வாசல் வரை போனவன் தயங்கித் திரும்பி வந்தான்.

"அக்கா, அந்தத் தவளைய எனக்கும் அனுப்புறீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை லெபோ பந்தாயில் நல்ல கூட்டம். அம்மாவும் வந்திருந்தாள். தனுஜா மஞ்சள் சட்டையோடு பின்சீட்டில் ஏறி மணியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் முறை வந்தது. அண்ணன் மிக்ஸைத் தொடங்கினான்.

முதலில் மழை.

கூட்டம் அண்ணாந்து பார்த்தது. ஒருவர் குடையை விரித்தார். ஐஸ் கச்சாங் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் கடை ஓரத்துக்கே ஓடிவிட்டார்கள். வானத்தில் ஒரு மேகம் கூட இல்லை. ஒரு தவளை கத்தியது. பதிலுக்கு இன்னொன்று. எங்கேயோ பெர்ரி ஊதியது. தவளைகளின் தாளத்திலேயே உறுமி பிடித்துக்கொள்ள, ஓடியவர்கள் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். மீன்கொத்தி நீலச் சைக்கிள் கிளம்பியது. தனுஜா மணியை அடித்தாள்.

அதே நேரம் பிளாட்டின் மூன்றாவது மாடியில் லோகேஸ்வரி அக்கா வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

தெரு முனையில் சைக்கிள் திரும்பும்போது தனுஜா கூட்டத்தில் அம்மாவைத் தேடினாள். அம்மா கைதட்டவில்லை. பஸ் நிற்கும் பக்கம் பாதி தூரம் போய்விட்டிருந்தாள். வீட்டில் துணி காய்ந்துகொண்டிருந்தது.